எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு வாய் திறக்காத நாள்

அடுத்த வாரம் டீச்சிங் பிராக்டிஸுக்குப் போகப்போகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று உங்கள் கல்லூரியில் கேட்டார்கள். எதைப் பற்றி என்றேன். “வகுப்பை அடக்குறது எப்படின்னு சொல்லுங்க டீச்சர், எல்லாரும் அதுக்குத்தான் பயப்படுறாங்க” என்றார்கள்.

பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் நான். வகுப்பை அடக்குகிற விஷயத்தில் எனக்கு முழு வெற்றி என்று ஒன்று கிடைத்தது ஒரே ஒரு தடவைதான். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வெற்றியை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பி.எட். சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தோரு வயது. அதற்கு முன்னால் வில்லியனூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, மெஷின்களை ஒவ்வொன்றாக மூடிவைத்தார்கள். அஞ்சல் வழியில் வாங்கிய டிகிரி கையில் இருந்தது, என் பையன்கள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள், சரி என்று சேர்ந்துவிட்டேன். கூடப் படித்த பெண்களுக்கெல்லாம் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. அவர்களுக்கு நான் ‘அக்கா’. எங்களுக்குப் பாடம் எடுத்த மேடத்துக்கே முப்பதுதான் இருக்கும். வகுப்புக்கு வெளியே அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இந்த வயசு வித்தியாசத்தில் எனக்குள்ளே ஒரு தலைக்கனம் இருந்தது. இந்தச் சின்னப் பெண்கள்தான் வகுப்பில் போய்த் திணறப்போகிறார்கள், இரண்டு ஆம்பளைப் பிள்ளைகளை வளர்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சிங் பிராக்டிஸுக்கு எனக்குக் கிடைத்தது ஏம்பலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அரசுப் பள்ளி. வீடு இருந்த மூலக்குளத்திலிருந்து பஸ் பிடித்து வில்லியனூர், அங்கிருந்து இன்னொரு பஸ். கரும்பு வெட்டுகிற பருவம். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டிராக்டர் கரும்பு ஏற்றிக்கொண்டு போனால், அன்றைக்கு முதல் பீரியட் போச்சு.

முதல் நாள் உள்ளே போனேன். எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்ததும் ஆரம்பித்தது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் கேட்கும். எல்லா முகமும் பாடப் புத்தகத்துக்குள் பக்தியாக இருக்கும்.

கத்திப் பார்த்தேன். தொண்டை கட்டியது. லீடரைக் கூப்பிட்டு, பேசுகிறவர்கள் பேரை போர்டில் எழுதச் சொன்னேன். அவன் தனக்குப் பென்சில் தராதவர்கள் பேரையெல்லாம் எழுதினான். ஒருத்தனை வெளியே நிற்க வைத்தேன். அவன் ஜன்னல் வழியாக உள்ளே இருக்கிறவர்களுக்கு முகத்தைக் கோணிக் காட்டியதில், வகுப்பு இன்னும் மோசமாகப் போயிற்று.

அந்த வகுப்பின் ஆசிரியர் ஒரு தமிழ் சார். அவர் வராந்தாவில் நடந்து போனாலே பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். எப்படி சார் என்று ஒரு நாள் கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார்.

“எனக்கே தெரிலம்மா. எனக்கு இவுங்க பேரு தெரியும், வூடு தெரியும், யாருக்கு இன்னா உடம்புன்னு தெரியும். வேற ஒண்ணும் நான் பண்றதில்ல.”

சொல்ல மனசில்லாமல் மழுப்புகிறார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். எனக்குத்தான் அப்போது கேட்கிற காது இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், அந்த ‘ம்ம்ம்’ சத்தத்தின் நடுவில், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நாற்பத்தோரு வயதுப் பொம்பளை, முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால். சத்தம் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் நீண்டது. பர்வீன்.

பர்வீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பின்பக்கம் திரும்பியே இருப்பாள். அந்த ‘ம்ம்ம்’ சத்தத்துக்கே அவள்தான் தலைவி என்று எனக்கு அப்போது தெரியாது.

“அழாதீங்க டீச்சர். சும்மா ஜாலிக்குத்தான் பண்ணோம்” என்றாள். பின்னால் இருந்து ஒரு பையன், “சாரி டீச்சர், இனிமே மெதுவா பண்றோம்” என்றான். எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாளிலிருந்து என் மேல் அவர்களுக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. சத்தம் குறைந்தது என்று சொல்லவில்லை. பாசம் வந்தது.

அந்தப் பாசத்தை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் என் தப்பு.

நான்காவது வாரம் எங்கள் மேடம் அப்சர்வேஷனுக்கு வருவதாகச் சொன்னார். பின்னால் உட்கார்ந்து ஒரு பீரியட் முழுக்கப் பார்த்து மார்க் போடுவார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகளிடம் போய் நின்றேன். மிரட்டவில்லை. கெஞ்சினேன்.

“நாளைக்கு ஒரே ஒரு பீரியட். எங்க மேடம் வருவாங்க. என் மானத்தைக் காப்பாத்துங்கப்பா.”

“இன்னா பண்ணணும் டீச்சர்?” என்றாள் பர்வீன்.

“ஒண்ணும் பண்ண வேணாம். வாயைத் திறக்காம இருங்க, போதும்.”

“ஒண்ணுக்குப் போவணும்னா டீச்சர்?” என்று ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

“எதுக்காகவும் வாயைத் திறக்கக் கூடாது” என்றேன்.

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் ரொம்பப் பெருமையோடு பஸ் ஏறினேன்.

மறுநாள் சீக்கிரமாகவே போய்விட்டேன். வகுப்பைப் பளிச்சென்று வைக்கவேண்டும் என்று பிள்ளைகளை விட்டே ஒட்டடை அடிக்கச் சொன்னேன். “நான் உயரமா இருக்கேன் டீச்சர், நான் அடிக்கிறேன்” என்று கடைசி பெஞ்ச் சத்யா முன்வந்தாள். ஒல்லியான, நெடுநெடு என்று வளர்ந்த பெண். அதிகம் பேசமாட்டாள். துடைப்பத்தைக் கழியில் கட்டிக்கொண்டு உத்திரம் முழுக்க அடித்தாள். அலமாரி மேல் பல வருஷமாகக் கிடந்த ஆறுகள் வரைபடத்தையும் அவள்தான் எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். தூசி பறந்தது. நாலைந்து தும்மல் போட்டுவிட்டுச் சிரித்தாள். வெளியே விளையாடுகிற சத்தம் வரக்கூடாது என்று ஜன்னல்களை நானே சாத்தினேன்.

மேடம் வந்து கடைசி வரிசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் வரைபடத்தை மாட்டிவிட்டு, கனிவான குரலில் கேட்டேன்: “காவிரி எங்கே உற்பத்தி ஆகுது, யாராவது சொல்லுங்க?”

யாரும் கையைத் தூக்கவில்லை. முப்பத்தெட்டு முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“பர்வீன், நீ சொல்லு.”

பர்வீன் எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்து, மெல்லத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற முகம் அது.

வேறு வழியில்லாமல் நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்ல ஆரம்பித்தேன். மேடம் ஏதோ எழுதினார். பாடம் நடக்கிறதோ இல்லையோ, அமைதியாக நடந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருபது மெஷினும் தடதடவென்று ஓடினால்தான் எனக்கு நிம்மதி. சத்தம் நின்றால் எழுந்து போய்ப் பார்ப்பேன். அத்தனை வருஷம் அப்படி இருந்தவளுக்கு, இந்த அமைதியில் ஏதோ சரியில்லை என்று அன்றைக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஒரு கால்மணி நேரம் போயிருக்கும். மெல்லிசாக விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இவ்வளவு நேரம் இருந்துவிட்டு, மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். சத்தம் வந்த திசையைப் பார்த்தேன். கடைசி பெஞ்ச். சத்யா நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்கள் என் மேல் இருந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? புருவத்தைச் சுருக்கி, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். சும்மா இரு என்று.

சத்யா தலையை ஆட்டினாள். விசில் சத்தம் நின்றுவிட்டது.

ஒரு பார்வையிலேயே அடக்கிவிட்டோமே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. பெருமையாகத்தான் இருந்தது. போர்டு பக்கம் திரும்பி தென்பெண்ணை ஆற்றை வரைய ஆரம்பித்தேன்.

“டீச்சர்!”

வகுப்பே அதிர்கிற மாதிரி ஒரு கத்தல். திரும்பினேன். பர்வீன் பெஞ்ச் மேலேயே ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

“டீச்சர், அது மூச்ச அடக்கினு இருக்குது டீச்சர்! அதுக்கு இளைப்பு இருக்குது! செத்துடப்போவுது டீச்சர்!”

சத்யாவின் உதடு நிறம் மாறியிருந்தது. தோள் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. விசில் அல்ல அது. அவள் மூச்சு. நான் சும்மா இரு என்றதும், சத்தம் வரக்கூடாதென்று அந்தப் பெண் மூச்சை அடக்கிப் பார்த்திருக்கிறாள்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த நினைப்பு, ‘அய்யோ, மேடம் பார்க்கிறாரே’ என்பதுதான். ஒரு வினாடி இருக்கும். அந்த ஒரு வினாடிக்காக நான் வெட்கப்படாத நாள் இல்லை. நெருக்கடியில் நல்ல நினைப்புதான் முதலில் வரவேண்டும் என்று இல்லை. வந்த நினைப்பைத் தள்ளிவிட்டுக் கால் நகர்ந்தால் போதும் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெஞ்சுகளைத் தாண்டி ஓடினேன். “ஜன்னலைத் திறங்கடா எல்லாத்தையும்!” என்றேன். பிள்ளைகள் எல்லாரும் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் விலகுவார்கள் என்று தோன்றியது. லீடரை ஹெச்.எம். அறைக்கு ஓடச் சொன்னேன். இரண்டு பேரை வராந்தாவில் நாற்காலி போடச் சொன்னேன். மற்றவர்களை வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னேன். சத்யாவைத் தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் முன்பக்கம் சாய்த்து உட்காரவைத்தேன்.

“மருந்து வச்சிருக்கியாமா?”

அவளால் பேச முடியவில்லை. பர்வீன் சொன்னாள்: “உறிஞ்சுற மருந்து வூட்ல இருக்குது டீச்சர். ஸ்கூலுக்குக் கொணாந்தா பசங்க கிண்டல் பண்றாங்கன்னு கொணாராது.”

மேடம் அதற்குள் தன் ஸ்கூட்டியை வராந்தா வரைக்கும் ஓட்டி வந்துவிட்டார். “ஏறுங்க அக்கா” என்றார். நடுவில் சத்யா, பின்னால் நான். ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு பத்து நிமிஷத் தூரம். வழி முழுக்க அவள் முதுகு என் நெஞ்சில் ஏறி இறங்குவதை மட்டும் எண்ணிக்கொண்டு போனேன். நடுவில் ஒரு தடவை ஏறாமல் நின்றது. “மூச்சு விடும்மா, சத்தமா விடு, சத்தமா விடு” என்று அவள் காதில் கத்தினேன்.

நர்ஸ் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையை விட்டார். ஒரு ஊசி போட்டார்கள். “இவ்ளோ நேரம் இன்னா பண்ணினு இருந்தீங்க?” என்று நர்ஸ் கேட்டார். மேடமும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அரைமணி நேரத்தில் சத்யாவின் உதட்டுக்கு நிறம் திரும்பியது. மாஸ்க்கை விலக்கிவிட்டு என்னை அருகில் கூப்பிட்டாள். குனிந்தேன்.

“டீச்சர், மேடம் மார்க் கொறச்சிடுவாங்களா?”

நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அம்மா வந்தபோது, சேலை மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கரும்பு வெட்டுகிற இடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். கையில் கரும்புச் சோகையின் இலை கீறிய கோடுகள். மகளைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீதான் தூக்கினு வந்தியாமே டீச்சர், நல்லா இருப்ப” என்றார்.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

“அம்மா, நான்தான் அதை தூசி அடிக்க விட்டேன். அது மூச்சு விட்ட சத்தம் கேட்டு, விளையாடுதுன்னு நினைச்சு, சும்மா இருன்னு விரலைக் காட்டுனதும் நான்தான். நான் சொன்னதுக்காக மூச்சை அடக்கியிருக்கு.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“இன்னா டீச்சர் நீ” என்றார் கடைசியில். “வூட்ல என் பேச்ச ஒரு நாளும் அது கேட்டதில்ல. தண்ணி தூக்கினு வாடின்னா கூட ஒம்போது தடவ சொல்லணும். உன் பேச்ச மூச்ச அடக்கினு கேட்டிருக்குது.” முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “நீ சொன்னா அது செய்யும். பாத்து சொல்லு டீச்சர்.”

பி.எட்.டில் எனக்கு எத்தனையோ புத்தகம் கொடுத்தார்கள். ஒரு வாக்கியம் நினைவில் இருக்கிறதென்றால் அது அந்த அம்மா சொன்னதுதான். பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்கமாட்டார்களே என்றுதான் நீங்கள் எல்லாரும் பயப்படுகிறீர்கள். கேட்டுவிடுவார்கள், அதுதான் விஷயம். அவர்களுக்கு உங்களைப் பிடித்துவிட்டால் நீங்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டுவிடுவார்கள்.

திரும்பி வரும் வழியில் மேடம் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினார். பையிலிருந்து அப்சர்வேஷன் படிவத்தை எடுத்துக் காட்டினார். வகுப்பறை ஒழுங்கு என்ற இடத்தில் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்.

“எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு அக்கா. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். நீங்க ஒரே பார்வையில நிறுத்துனதும்தான் பத்து போட்டேன்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. படிவத்தை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “வர்ற வாரம் மறுபடியும் வர்றேன். நான் வர்றது யாருக்கும் தெரிய வேணாம்” என்றார். அந்த மேடத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. தான் போட்ட பத்து மார்க்கைக் கிழிக்கிறவர்கள் குறைவு.

சத்யா மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளும் வகுப்பு அமைதியாகவே இருந்தது. ‘ம்ம்ம்’ கூடக் கிடையாது. பயந்துபோயிருந்தார்கள். நான் அதைத் தாங்க முடியாமல் தவித்தேன். ஆனால் அவள் இல்லாமல் அதைப் பேசக் கூடாது என்று காத்திருந்தேன். சாயங்காலத்தில் மட்டும் தமிழ் சாரிடம் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாக எனக்குச் சொல்லச் சொன்னேன். யாருக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது, யார் காலையில் சாப்பிடாமல் வருவான், யாருடைய அப்பா வெளியூரில் இருக்கிறார் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அதை முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

நான்காவது நாள் சத்யா வந்தாள். சட்டைப் பையில் அந்த உறிஞ்சுகிற மருந்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள். அது அவள் அம்மா போட்ட கட்டளை. யாரும் கிண்டல் பண்ணவில்லை.

நான் நாற்காலியில் உட்காரவில்லை. முன்னால் நின்று, நடந்ததை அப்படியே சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். உங்களிடம் அப்படி ஒரு வாக்கு வாங்கியிருக்கக் கூடாது என்றேன். உடம்புக்கு முடியவில்லை என்றால், பக்கத்தில் இருக்கிறவருக்கு முடியவில்லை என்றால், என்னிடம் கேட்கவே வேண்டாம், நான் பேசிக்கொண்டிருந்தாலும் கத்தலாம் என்றேன். டீச்சர் ஒருத்தி தங்களிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்பது அவர்களுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு ஒன்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியாது.

“அன்னைக்கு அந்தச் சத்தம் விசில் இல்ல, சத்யாவோட இளைப்புன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?”

ஒரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. நான் எண்ணினேன். பர்வீன் கையைச் சேர்க்காமல் பதினோரு கைகள்.

பதினோரு பேருக்குத் தெரிந்திருக்கிறது. பதினோரு பேரும் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

கடைசியில் பர்வீனைப் பார்த்து, “நீயும் வாக்குக் குடுத்தியே பர்வீன். உனக்கு மட்டும் எப்படிக் கத்தத் தோணுச்சு?” என்றேன்.

பர்வீன் எழுந்து நின்றாள். திட்டு விழப்போகிறது என்றே நினைத்திருப்பாள். பின்னல் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னாள்:

“நான் என்னிக்கு டீச்சர் சொன்ன பேச்சு கேட்டிருக்கேன்?”

முதலில் சிரித்தது சத்யாதான். அப்புறம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. பெஞ்சைத் தட்டினார்கள், ஒருத்தன் விசில் அடித்தான். பக்கத்து வகுப்பு டீச்சர் வாசலில் வந்து நின்று, “என்னம்மா இது, சந்தைக் கடை மாதிரி?” என்று என்னைக் கேட்டார். மன்னிச்சுக்குங்க டீச்சர் என்றேன். அவர் போகும் வரைக்கும் பொறுத்திருந்து, நானும் சிரித்தேன்.